ஜிலேபி மீனுக்கு ஏன் ஜிலேபின்னு பேர்?

கேள்வி: தருமபுரியிலிருந்து ஒரு வாசகர், ஜூன் 2

"ஞாயித்துக்கிழமை ஜிலேபி மீன் வாங்கப் போனேன். கூட வந்த என் பொண்ணுக்கு எட்டு வயசு. 'இதுக்கு ஏம்ப்பா ஜிலேபின்னு பேரு, இனிக்குமா?'ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. மீன்காரர்தான் சொன்னார், உடம்புல ஜிலேபி சுத்துன மாதிரி வட்ட வட்டமா கோடு இருக்குது, அதனாலதான்னு. வீட்டுக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வட்டமும் தெரியல. யாருக்காவது நெசமான காரணம் தெரியுமா?"

ஜூன் 2, இரவு

வட்டம் கிடையாது. உங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். கிருஷ்ணகிரி அணை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அணைக்கு வெளியே மீன் வறுக்கிற கடைகளில் மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பாலும் இந்த மீன்தான். சின்ன வயதிலிருந்து ஆய்ந்து, சுரண்டி, முள் குத்தி ரத்தம் வந்து பழகிய மீன். சாம்பல் நிறம், பக்கவாட்டில் மங்கலாக மூன்று நாலு கரும்புள்ளி. இன்னொரு வகைக்கு வாலில் நெட்டுநெட்டாகக் கோடு இருக்கும். சுருளோ வளையமோ எதிலும் இல்லை.

பெயர் உடம்பிலிருந்து வரவில்லை, காதிலிருந்து வந்தது. அந்த மீனின் பெயர் திலாப்பியா. கேட்டுப் பழகாத அந்தச் சொல்லை, தெரிந்த சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ரேஷன் கடையில் 'கெரசின் ஆயில்' ஊற்றினார்கள், நாம் வாங்கி வந்தது 'கிருஷ்ணாயில்'. அதில் கிருஷ்ணர் எங்கே வந்தார்? அதே வழிதான் இதுவும். என் பெரியம்மா கூடையில் மீன் விற்றவர், இன்றைக்கும் 'சிலேபிக் கெண்ட' என்றுதான் சொல்வார். திலாப்பி, சிலாப்பி, சிலேபி, ஜிலேபி என்று படிப்படியாக வந்ததற்கு அந்த வாயே சாட்சி. 'படித்தான்' பேச்சில் 'படிச்சான்' ஆகிறதே, த போய் ச வருவது நம் நாக்குக்குப் புதிதல்ல.

குழந்தையிடம் சொல்லுங்கள், இனிக்காது. ஆனால் புதுசாகப் பிடித்ததாக இருந்தால் சதையில் ஒரு மெல்லிய தித்திப்பு இருக்கும்.

ஜூன் 3

காலையில் வேலிப் பக்கம் போனபோது ஒன்று தோன்றியது. கோணப்புளியங்காய் இருக்கிறதே, சில ஊரில் கொடுக்காப்புளி என்பார்கள், அதற்கு இந்தியில் 'ஜங்கிள் ஜலேபி' என்று பெயர். அந்தக் காயைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் வேண்டாம், பிழிந்துவிட்ட ஜிலேபி மாதிரியே சுருண்டு கிடக்கும். பார்த்து வைத்த பெயர் அப்படி இருக்கும். மீனில் அப்படி எதுவும் இல்லை என்பதே, இது பார்த்து வைத்த பெயர் அல்ல என்பதற்குக் கொஞ்சம் பலம்.

ஜூன் 5

அப்படியானால் திலாப்பியா என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இதைச் சொல்ல எனக்கே ஆசைதான்.

மீன் என்று அர்த்தம். அவ்வளவுதான். வெறும் 'மீன்'.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் த்ஸ்வானா என்று ஒரு மொழி. இன்றைய போட்ஸ்வானா நாட்டின் பெயரிலேயே அந்த மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழியில் மீனுக்குப் பெயர் 'ட்லாப்பி' மாதிரி ஒலிக்கும் சொல். 'மாதிரி' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் எழுத்தை நம்மால் எழுத முடியாது. நாக்கு நுனி மேலே ஒட்டியிருக்கும்போதே இரண்டு பக்கமும் காற்றைத் தள்ளி விடுகிற ஒலி. ட-வும் ல-வும் ஒரே சமயத்தில் வருகிற மாதிரி. ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர் அந்தப் பக்கம் சுற்றி வந்து, 1840-ல் ஒரு மீன் பேரினத்துக்கு அந்தச் சொல்லை வைத்தார். அவர் நாக்குக்கும் அந்த ஒலி வரவில்லை. நடுவில் ஒரு இகரத்தை வைத்து, வாலில் லத்தீன் சாயல் கொடுத்து, திலாப்பியா ஆக்கினார்.

நாம்தான் ஏதோ நல்ல அறிவியல் பெயரைக் கெடுத்து ஜிலேபி ஆக்கிவிட்டோம் என்று இங்கே ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அந்த வருத்தம் வேண்டாம். முதல் திரிபு படித்தவர் கையில் நடந்தது, இரண்டாவது நம் மீன்காரர்கள் வாயில். இரண்டும் ஒரே வேலைதான். வராத ஒலியை வருகிற ஒலியாக்கிக்கொண்டார்கள்.

ஆக 'ஜிலேபி மீன்' என்று கேட்டு வாங்கும்போது, பாதி ஆப்பிரிக்க மொழியிலும் பாதி தமிழிலுமாக 'மீன் மீன்' என்று கேட்கிறோம்.

ஜூன் 5, மறுபடி

ஜிலேபி என்ற இனிப்பும் உள்ளூர்ச் சொல் அல்ல. அரபியில் 'ஸலாபியா', பாரசீகத்தில் 'ஸுல்பியா', இந்தியில் 'ஜலேபி', நமக்கு ஜிலேபி. தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சொல், அரபு நாட்டிலிருந்து ஒரு சொல். ஒன்று கடலில் வந்தது, மற்றொன்று சமையல்காரர்கள் கையில் வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை. நம் ஊர் மீன் கூடையில் வந்து ஒரே சொல்லாகிவிட்டன. இதை நினைத்தால் எனக்கு இரவு தூக்கம் தள்ளிப்போகிறது.

ஜூன் 8

பாலக்கோட்டுக்காரர் ஒருவர் புதுக் காரணம் எழுதியிருக்கிறார். ஏரி வற்றும்போது தரையில் வட்ட வட்டமாகக் குழி தெரியும், ஜிலேபித் தட்டில் அடுக்கி வைத்தது போல இருக்கும், அந்தக் குழியைப் போடுவது இந்த மீன்தான், அதனால் அந்தப் பெயர் என்கிறார்.

குழி உண்மை. சித்திரை வைகாசியில் எங்கள் ஏரித் தரையில் நானே நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன். சின்னதில் கைப்பிடிச் சட்டி அளவு, பெரியதில் சோற்றுக் குண்டான் அளவு. ஒன்றை ஒன்று இடிக்காமல், அளந்து போட்ட மாதிரி தள்ளித் தள்ளி இருக்கும். ஆண் மீன் தோண்டுவது. வாயால் சேற்றைக் கவ்விக் கவ்வி வெளியே துப்பிக் குழி செய்யும். அந்தச் சமயத்தில் ஆண் மீன் கருகருவென்று ஆகிவிடும். தொண்டைக்குக் கீழே மட்டும் வெள்ளை, துடுப்பு ஓரத்தில் சிவப்பு. எங்கள் ஊரில் இதைக் 'கருப்பு ஜிலேபி' என்று வேறு சாதியாகவே நினைத்து, பத்து ரூபாய் குறைத்துக் கேட்பார்கள். அதே மீன்தான், கல்யாணக் கோலத்தில் இருக்கிறது.

பெண் மீன் அந்தக் குழியில் முட்டை விட்டதும் உடனே வாயில் எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் முட்டையும் குஞ்சும் வாய்க்குள்தான். அந்த நாட்களில் அது தீனி தேடுவதே அரிது. வெளியே வந்த குஞ்சுகள்கூட, ஏதாவது நிழல் விழுந்தால் திரும்ப ஓடி அம்மா வாய்க்குள் புகுந்துகொள்ளும். நான் ஏழாவது படிக்கும்போது தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து கடுகு கடுகாக உயிர் கொட்டியது. என் கை நடுங்கிவிட்டது. தண்ணீரில் விட்டுவிட்டேன். கூட இருந்த சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தன் தூண்டிலையும் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் ரசம்.

சரி, குழி காரணமா? இல்லை என்றே நினைக்கிறேன். ஏரி வற்றினால்தான் குழி தெரியும். ஆனால் ஏரியே பார்க்காத சென்னைச் சந்தைக்காரரும் ஜிலேபி என்கிறார். கர்நாடகப் பக்கமும் ஜிலேபிதான். ஓசூர்ப் பக்கத்து என் நண்பர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அவர்களும் 'ஜிலேபி சேப்ப' என்கிறார்கள். இவ்வளவு பேரும் ஏரித் தரையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்க முடியாது.

ஜூன் 9

முதல் நாள் பெரியம்மா சொல்லும் 'சிலேபிக் கெண்ட'யை அப்படியே எழுதிவிட்டேன். திருத்தம். ஊர் வழக்கு அப்படித்தான், ஆனால் இது கெண்டை அல்ல. கெண்டை இனம் வேறு, கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் அந்தப் பக்கம். முதுகில் வரிசையாகக் குத்தும் முள் உள்ள ஜிலேபி, கேரளத்துக் கரிமீனுக்குத்தான் பங்காளி. குளத்தில் வளரும் வெளியூர் மீன் எதற்கும் கெண்டை என்ற பின்பெயரைக் கொடுப்பது நம் பழக்கம். புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை எல்லாம் அப்படித்தான். அவையாவது உண்மையில் கெண்டை இனம்.

இன்னொன்று. இந்த மீன் இப்போது அறிவியலில் திலாப்பியாவும் இல்லை. 1950களில் இங்கே வந்தபோது 'திலாப்பியா மொசாம்பிகா' என்றுதான் அழைத்தார்கள். வாயில் குஞ்சு காப்பவற்றையும் தரையிலேயே முட்டையிட்டுக் காப்பவற்றையும் ஒரே பேரினத்தில் வைக்கக் கூடாது என்று எத்தெல்வின் ட்ரெவாவாஸ் என்ற அம்மையார் பிரித்து எழுதினார். நம்முடையது 'ஓரியோக்ரோமிஸ்' என்ற வேறு பேரினத்தின் பக்கம் போய்விட்டது. இந்த மீனிடமிருந்து திலாப்பியா என்ற பெயரை அறிவியலே கழற்றிவிட்டது, நம் கூடையில் மட்டும் ஜிலேபியாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 12

ஊத்தங்கரையிலிருந்து வந்த கேள்விதான் இதுவரை வந்ததிலேயே கனமானது. "அந்த மீன் சிலோனிலிருந்து வந்தது என்கிறார்களே, சிலோன் மீன் என்பதுதான் சிலேபி ஆகியிருக்குமா?"

மூன்று நாள் இதை மனதில் வைத்திருந்தேன். வந்த வழி உண்மை. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் பெருகும், கண்டதைத் தின்னும், எந்தத் தண்ணீரிலும் வாழும், ஏழைக்குப் புரதம் கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு பாதி சரியாகவும் மீதி பயமாகவும் முடிந்தது. 1959-லேயே, இனி இதைப் பரப்ப வேண்டாம் என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொல்லிவிட்டது. அதற்குள் நாலு திசையும் போயாயிற்று. 1960களின் முடிவுக்குள் தமிழ்நாட்டு அணைகள் பலவற்றில் இது ஊன்றிவிட்டது. நம் கிருஷ்ணகிரி அணையும் அந்த 1950களின் கடைசியில் வந்ததுதான். அணையும் மீனும் ஏறக்குறைய ஒரே வயது.

நாமும் வந்த ஊரை வைத்துப் பெயர் சொல்லும் ஆட்கள்தான். நம் தோட்டத்தில் காய்த்து நம் ஊர்த் தொழிற்சாலையில் கூழாகிற கிளிமூக்கு மாங்காயைப் 'பெங்களூரா' என்போம். ஆக சிலோன் காரணத்தைச் சட்டென்று தள்ள மனம் வரவில்லை.

ஆனால் மலையாளத்தில் இதை 'பிலோப்பி' என்கிறார்கள், 'சிலோப்பி' என்றும் சொல்வார்கள். இலங்கையில் சிங்களத்தில் 'தெப்பிலி'. மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். திலாப்பி, பிலோப்பி, தெப்பிலி. முதல் எழுத்து ஆளுக்கு ஒரு மாதிரி ஆடுகிறது, நடுவில் ல-வும் ப-வும் மட்டும் எங்கும் விடாமல் நிற்கின்றன. சிலோன் என்ற சொல்லில் ப எங்கே இருக்கிறது? அதோடு, இலங்கைக்காரர்கள் தங்கள் மீனைச் சிலோன் மீன் என்று சொல்ல மாட்டார்கள். அங்கேயும் இதே குடும்பத்துச் சொல் இருக்கிறது. எனவே திலாப்பியாதான் என்ற பக்கமே நிற்கிறேன். சிலோன் என்ற ஒலி பிற்பாடு கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம், அதற்கு மேல் இல்லை.

ஜூன் 13

சந்தையில் 'கிஃப்ட் ஜிலேபி' என்கிறார்களே, அது பரிசு மீன் அல்ல. மரபுவழியில் மேம்படுத்திய பண்ணைத் திலாப்பியா என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். 1988-ல் பிலிப்பைன்ஸில் நைல் திலாப்பியாவை வைத்துத் தொடங்கிய வேலை. வாலில் நெட்டுக்கோடு இருப்பது அந்தச் சாதிதான்.

ஜூன் 17

மற்ற ஊர்களில் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய் ஒரு வாரம் போய்விட்டது. ஜாவாவில் இதே மொசாம்பிக் மீனுக்கு 'முஜாயிர்' என்று பெயர். ப்ளித்தார் ஊரைச் சேர்ந்த முஜாயிர் என்ற மனிதர் 1930களில் ஆற்று முகத்துவாரத்தில் இதைக் கண்டு, பிடித்துப் போய் நல்ல தண்ணீரில் வாழப் பழக்கினார். பிடித்தவர் பெயரே மீனுக்கு ஆனது. தாய்லாந்தில் நைல் திலாப்பியாவுக்கு 'ப்லா நின்'. 1965-ல் ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிதோ, தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு 50 மீன் அனுப்பினார், அதிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. கலிலேயாக் கடல் பக்கம் அரபியில் 'முஷ்த்', அதாவது சீப்பு. முதுகுத் துடுப்பைப் பார்த்து வைத்த பெயர். கையில் குத்து வாங்கியவர்தான் வைத்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் பழைய பெயர்களும் அப்படிப் பார்த்து வைத்தவைதான். அயிர் என்றால் நுண்மணல், அந்த மணலில் கிடப்பது அயிரை. மீன் என்ற சொல்லுக்கே மின்னுவது என்று பொருள் சொல்வார்கள். வானத்தில் மின்னுவதும் மீன், தண்ணீரில் மின்னுவதும் மீன்.

இங்கேதான் எனக்கு மனம் கனக்கிறது. ஏரி கோடி போகும்போது வாய்க்காலில் முண்டாசுத் துணி விரித்து அயிரை பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. குரவை, கெளுத்தி, ஆரால், சின்ன விரால் என்று ஒரு கூறில் ஆறேழு பெயர் இருக்கும். பெரியம்மா பெயர் சொல்லிச் சொல்லித் தனித்தனியாகப் போடுவார். போன மாதம் எங்கள் ஏரிக் குத்தகைக்காரர் வலை இழுத்தார். ஜிலேபி, ஜிலேபி, நாலு கட்லா, மறுபடி ஜிலேபி. எல்லாப் பழியும் இந்த மீன் மேல் போட மாட்டேன். தண்ணீரில் என்னென்னவோ கலக்கிறது, மேலே ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிப் போவதை எல்லோரும் பார்க்கிறோம், அந்தத் தண்ணீரில் ஜிலேபிதான் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் என் பையனுக்கு மீன் பெயர் எத்தனை தெரியும் என்று கேட்டேன். ஜிலேபி, கட்லா, ரோகு. அவன் மேல் தப்பில்லை. பார்க்காததற்கு எப்படிப் பெயர் தெரியும்?

மேட்டூர் அணைத் தண்ணீர் ஓரத்து நாகமரை, ஏமனூர்ப் பக்கம் பரிசல் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வலையில் இன்னும் வருகிற மீன்களின் பெயரை அங்கே சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதுங்கள். தப்பாக எழுதிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம்.

ஜூன் 23

பெரிய திருத்தம். முதல் நாள் பெரியம்மாவின் 'சிலேபி'யைச் சாட்சி என்று எழுதினேன். அது சாட்சி ஆகாது.

என் தங்கை போனில் கேட்டாள்: "அண்ணா, பெரியம்மா சன்னல், சாதகம், சாக்கெட்டுன்னுதானே சொல்லும்? அது வாயில ஜ எப்ப வந்துது?" உண்மை. ஜிலேபி என்றே காதில் விழுந்திருந்தாலும் அவர் சிலேபி என்றுதான் திருப்பிச் சொல்லியிருப்பார். ச-வைக் காட்டி, திலாப்பியாவுக்கும் ஜிலேபிக்கும் நடுவில் ஒரு படி இருந்தது என்று நான் நிறுவியது தவறு. 'படித்தான், படிச்சான்' உதாரணமும் பொருந்தாது. அது சொல்லின் நடுவில், இகரத்துக்குப் பின்னால் நடப்பது. சொல் முதலில் நிற்கும் த அப்படி மாறுவதில்லை, 'திண்ணை'யை யாரும் 'சிண்ணை' என்பதில்லை. மலையாளத்துப் பிலோப்பியும் சிங்களத்துத் தெப்பிலியும் தரும் பலம் அப்படியே இருக்கிறது, அதனால் முடிவு மாறவில்லை. ஆனால் வழியில் நான் வைத்த இரண்டு கல்லும் ஆடுகிற கல். எடுத்துவிடுகிறேன்.

இந்த ஞாயிறு பெரியம்மாவையே போய்ப் பார்க்கப் போகிறேன். இத்தனை நாள் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது தப்பு.

ஜூன் 30

போனேன். பெங்களூரா மாங்காய் போட்டு ஜிலேபிக் குழம்பு வைத்திருந்தார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது, முள் எடுக்க இப்போதும் கண்ணாடி கேட்பதில்லை.

அணை கட்டும்போது ஏழெட்டு வயசுப் பெண்ணாம். தாத்தா அங்கே மண் சுமந்தவர், தண்ணீர் நின்ற பிறகு வலை எடுத்தவர். "மொதல்ல ஆத்து மீனுதான் வந்துச்சு. கெண்ட, கெளுத்தி. அப்புறம் ஒரு வருசம் இது வர ஆரம்பிச்சுது. எங்கப்பாவுக்கே பேரு தெரியல. 'டேம் மீனு'ன்னுதான் கூவி வித்தோம். பின்னால யாரோ சிலேபின்னாங்க, எல்லாரும் சிலேபின்னோம்."

"ஜிலேபி மாதிரி இருக்குதுன்னு அந்தப் பேரு வெச்சாங்களா பெரியம்மா?"

"எது மாதிரி?"

"தின்றமே, அந்த ஜிலேபி."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், கிருஷ்ணகிரி போய் வந்த பெரியப்பா வாசலில் நின்றே, "ஏய், சிலேபி வாங்கியாந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தாராம். பெரியம்மா அருவாமனையையும் கல்லுப்பையும் எடுத்துக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து, சட்டியில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். பெரியப்பா பொட்டலத்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். பிரித்தால் மஞ்சளாக, ஒட்டிக்கொண்டு, வட்டமாக ஏதோ இருந்தது.

"மீனு பேரப் போயி எதுக்குடா பலகாரத்துக்கு வெச்சாங்க?" என்று கேட்டார்.